50 மீட்டருக்குள் கழிப்பறை, ஆனால் சக்கர நாற்காலி போகவில்லை

கேள்வி:
மேடுபள்ளமான அகதி முகாமுக்குக் கழிப்பறைத் திட்டம் போடுகிறோம். பாதைகள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் (எல்லோரும் சேர்ந்து வரையும் திறந்த இணைய வரைபடம்) இருக்கின்றன. குடிலிலிருந்து 50 மீட்டருக்குள் கழிப்பறை வேண்டும் என்கிற ஸ்ஃபியர் (மனிதாபிமான உதவிக்கான சர்வதேசக் கையேடு) தரப்படி, க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் கழிப்பறைகளைச் சுற்றி 50 மீட்டர் பஃபர் (சுற்றுவட்டம்) போட்டால் எல்லாக் குடில்களும் உள்ளே வந்துவிடுகின்றன. ஆனால் சக்கர நாற்காலிக்காரர்களால் பாதி இடங்களுக்குப் போக முடியவில்லை. எங்கே தப்பு? சரிவைச் செயற்கைக்கோள் உயரத் தரவிலிருந்து எடுக்கலாமா?

பதில் 1:
பஃபர் அளப்பது நேர்க்கோட்டுத் தூரம். நடுவே படிக்கட்டோ வாய்க்காலோ குறுக்கிட்டால் அதற்குத் தெரியாது. பாதை அடுக்கை யூடிஎம்முக்கு (மீட்டரில் அளக்கும் ஆயமுறை) மாற்றுங்கள். டிகிரியில் விட்டால் 50 என்பது 50 டிகிரி ஆகிவிடும். படிக்கட்டுகளையும், 90 செ.மீ.க்குக் குறுகலான துண்டுகளையும், 1:12-ஐ (12 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் ஏற்றம்) மிஞ்சும் சரிவுகளையும் நீக்கிவிட்டு, கழிப்பறைகளிலிருந்து பாதை வழியாகவே 50 மீட்டர் எதுவரை எட்டுகிறது என்று காட்டும் சர்வீஸ் ஏரியா கருவியை ஓட்டுங்கள். முடிவு சந்தேகப்படும்படி சுருங்கினால் முதலில் சந்திப்புகளைப் பாருங்கள். பார்வைக்குத் தொட்டுக்கொண்டிருக்கும் இரு கோடுகளுக்குப் பொதுப்புள்ளி இல்லாவிட்டால் வழி அங்கேயே அறுந்துவிடும். இன்னொன்று: கருவி கழிப்பறையை மிக அருகிலுள்ள பாதையில் ஒட்டிவிடும், இடையில் வேலி இருந்தாலும்!

எஸ்ஆர்டிஎம் (விண்வெளியிலிருந்து ரேடாரில் எடுத்த உயரத் தரவு) வேண்டாம். 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்றால் மூன்று மீட்டர் நீளச் செங்குத்து அதில் எங்கே தெரியும்? ட்ரோன் படத்தில் கூரை உயரமும் கலந்துவிடும். 120 செ.மீ. நேர்ச்சட்டத்தின் ஒரு முனையைச் சரிவின் மேட்டுப்பக்கத் தரையில் வைத்து, ரசமட்டம் பார்த்து, பள்ளப்பக்க முனைக்குக் கீழுள்ள இடைவெளியை அளங்கள். 10 செ.மீ.யைத் தாண்டினால் 1:12 போச்சு. அந்தச் சரிவே நீண்டுகொண்டு போனால் தனியாகத் தள்ளிப் போவது கடினம். 9 மீட்டருக்கு ஒரு சமதளம் வேண்டும்.

பதில் 2:
வாசல்வரை போய்ச் சேர்ந்தால் போதாது. கோபோ (கைபேசியில் கள விவரம் சேகரிக்கும் செயலி) படிவத்தில் கதவின் நிகர அகலம் (80 செ.மீ.யாவது), வாசற்படி உயரம், உள்ளே 150 செ.மீ. திரும்பும் இடம், கைப்பிடி, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்பக்கம் திறக்கும் கதவு திரும்பும் இடத்தைத் தின்றுவிடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மாற்றுத்திறனாளிகள் இருக்கும் குடில்களையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் குறித்துவிடலாமா?

பதில் 2:
வேண்டவே வேண்டாம். அது யார் வேண்டுமானாலும் பார்க்கும் வரைபடம். பாதை, சரிவு, கழிப்பறை மட்டும் அங்கே போகட்டும். குடில் விவரம் உங்கள் பூட்டிய கோப்பில் இருக்கட்டும். வெளியே கொடுக்கும் படத்தில் பிளாக் வாரியாகத் தொகுத்துக் காட்டுங்கள். ஒரு பிளாக்கில் ஒருவர்தான் என்றால் பக்கத்து பிளாக்கோடு சேர்த்துவிடுங்கள்.

பதில் 1:
மழை பெய்தபின் மண்பாதைகளை மறுபடி அளங்கள். காய்ந்தபோது எடுத்த பாதைத் தரை விவரம் சேற்றில் செல்லாது.