புதுப்பிப்பு: முட்டி ஜவ்வில் எப்போது கை வைக்கலாம்?

வியாசர்பாடி மைதானத்தில் முட்டியின் உள்பக்க ஜவ்வு பிசகினால் அன்றைக்கே எண்ணெய் போட்டு நீவாதீங்க என்று முன்பு எழுதியிருந்தேன். அப்போ எப்போதான் நீவுவது என்று பலர் கேட்டிருந்தீங்க.

வீக்கமும் சூடும் அடங்கின பிறகு. முட்டியை லேசாக மடக்கி, உள்பக்கம் வலிக்கும் புள்ளியை ஒரு விரலால் தேடுங்க. ஜவ்வு மேலிருந்து கீழே ஓடுது. தேய்ப்பது அதற்குக் குறுக்கே. எண்ணெய் வேண்டாம், வழுக்கும்; தோலும் விரலும் சேர்ந்தே நகரணும். ஒருநாள் விட்டு ஒருநாள் 5 நிமிடம் போதும். மறுநாள் வீங்கினால் அழுத்தம் அதிகம்.

இதோடு சேர்த்து, குதிகாலுக்கடியில் சுருட்டிய துண்டு வைத்துத் தொடையை 5 விநாடி இறுக்குங்க, 10 தடவை. தொடை வலுவாகலைன்னா தேய்த்தது மட்டும் உதவாது.

முட்டிக்குள்ளே இருக்கும் இன்னொரு ஜவ்வு ஏசிஎல்; அது முழுசா அறுந்தா எந்தக் கையும் ஒட்டாது. முட்டி பூட்டிக்கிட்டாலோ, படியிறங்கும்போது நழுவினாலோ ஸ்டான்லி அரசு மருத்துவமனை எலும்புப் பிரிவில் காட்டிடுங்க.