கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ் வேர்க்கிறது: ஹீட்டரா, வேறு வழியா?

திருவான்மியூர்_மளிகை
கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி என் கடை. பால், தயிர், ஜூஸுக்கு இரண்டு கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ், ஐஸ்கிரீமுக்கு ஒரு கண்ணாடிக் கதவு ஃப்ரீசர். மதியம் கடல்காற்று ஏறியதும் மூன்றுமே வெளிப்பக்கம் வேர்க்க ஆரம்பித்துவிடும். துடைத்துவிட்டுக் கல்லாவுக்கு வருவதற்குள் மறுபடியும் முத்து முத்தாக நிற்கிறது. வழிகிற தண்ணீருக்குக் கீழே சாக்கு போட்டிருக்கிறேன், கதவின் அடிச்சட்டம் துருப்பிடிக்கிறது. விற்ற கடைக்காரர் ஆளை அனுப்பினார். அவர் "மெட்ராஸ் ஹியூமிடிட்டி சார், ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உண்மையிலேயே ஒன்றும் செய்ய முடியாதா?

தூத்துக்குடி_மெக்கானிக்
முடியும் அண்ணாச்சி. கதவுச் சட்டத்துக்குள் ஹீட்டர் வயர் ஓடும். சில மாடல்களில் கண்ணாடிக்கே ஹீட்டர் உண்டு. பல இடங்களில் கரண்ட் பில்லுக்குப் பயந்து அதன் சுவிட்சை அணைத்து வைத்திருப்பார்கள், இல்லையென்றால் வயர் அறுந்து கிடக்கும். முதலில் அதைப் பாருங்கள். கண்ணாடி சூடாக இருந்தால் வேர்க்காது, விஷயம் முடிந்தது.

கோவை_மெயின்டனன்ஸ்
ஹீட்டர் வேண்டாமுங்க அண்ணா. குளிரவைக்கிற பெட்டியைச் சுற்றி அடுப்பு வைக்கிற வேலை அது. எங்கள் சூப்பர் மார்க்கெட்டில் ஃப்ரீசர் கதவு ஒன்றின் ஹீட்டரை, வயரைக் கவ்வி கரண்ட் அளக்கிற கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தேன். 180 வாட் இழுத்தது. நாள் முழுக்க ஓடினால் ஒரு கதவுக்கே 4 யூனிட்டுக்கு மேல். அந்தச் சூட்டில் ஒரு பங்கு உள்ளே போகும், அதை வெளியே தள்ள கம்ப்ரசர் இன்னும் கொஞ்சம் ஓட வேண்டும். எங்கள் கடையில் ஹீட்டரை எல்லாம் அணைத்துவிட்டு ஏசியைச் சரியாக வைத்தோம். 26 டிகிரி, ஈரப்பதம் 55 சதவீதம். ஒரு துளி கிடையாது.

தூத்துக்குடி_மெக்கானிக்
தம்பி, கோயம்புத்தூர்க் காற்றை வைத்துக்கொண்டு கடற்கரைக் கடைக்கு வைத்தியம் சொல்லாதீர்கள். அண்ணாச்சி கடை மளிகைக் கடை. ஷட்டரைத் தூக்கினால் ராத்திரி வரை தெருவைப் பார்த்துத் திறந்தே கிடக்கும். அங்கே ஏசி போட்டால் தெருவுக்குத்தான் குளிரும்.

திருவான்மியூர்_மளிகை
அது சரிதான், கடைக்குக் கதவே கிடையாது. ஏசிக்கு வழியில்லை.

பேராசிரியர்_ஓய்வு
இடையில் ஒரு கணக்கு. காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் நீராக இறங்குமோ அதுதான் பனிநிலை. கண்ணாடியின் வெளிமுகம் அதற்குக் கீழே போனால் வேர்க்கும், மேலே இருந்தால் வேர்க்காது.

கோவை நண்பர் சொன்ன 26 டிகிரி, 55 சதவீதக் காற்றுக்குப் பனிநிலை சுமார் 16. திருவான்மியூரில் மாலை 30 டிகிரி, 75 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பனிநிலை 25. இரண்டுக்கும் 9 டிகிரி வித்தியாசம். அதனால்தான் இருவரும் தங்கள் ஊரை வைத்து சரியாகவே பேசுகிறீர்கள்.

இப்போது கண்ணாடி. உள்ளே 4 டிகிரி, வெளியே 30 என்றால், ஒற்றைக் கண்ணாடியின் வெளிமுகம் தோராயமாக 14-இல் நிற்கும். சாதாரண இரட்டைக் கண்ணாடி 21. வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் லோ-ஈ பூச்சும், நடுவில் காற்றுக்குப் பதில் ஆர்கான் வாயுவும் உள்ள இரட்டைக் கண்ணாடி 26-ஐத் தொடும். 25-ஐத் தாண்டுவது கடைசி ஒன்றுதான், அதுவும் மயிரிழையில்.

மளிகைக்காரரே, ஃப்ரிட்ஜின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் தகட்டில் கிளைமேட் கிளாஸ் என்று ஏதாவது எண் இருக்கிறதா?

திருவான்மியூர்_மளிகை
டார்ச் அடித்துப் பார்த்தேன். பால் ஃப்ரிட்ஜ் இரண்டிலும் 4. ஃப்ரீசரில் ஸ்டிக்கரே கிழிந்திருக்கிறது.

பேராசிரியர்_ஓய்வு
கடை ஃப்ரிட்ஜ்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 23953-இன் வரிசையில் 4 என்றால் 30 டிகிரி, 55 சதவீத ஈரப்பதத்தில் சோதித்தது. அதன் பனிநிலை 20. உங்களுடையது சாதாரண இரட்டைக் கண்ணாடி என்றால் 21-இல் நிற்கும், சோதனையில் பாஸ். உங்கள் தெருவில் ஃபெயில். அதே வரிசையில் 7 என்று ஒரு வகுப்பு உண்டு, 35 டிகிரி, 75 சதவீதம். நம் கடலோரத்துக்கு அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். விற்பவர் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்.

கோவை_மெயின்டனன்ஸ்
இதைத்தானுங்க நானும் சொல்ல வருகிறேன். கண்ணாடியை மாற்றுங்கள். ஒரு தடவைச் செலவு, மாதாமாதம் ஹீட்டருக்கு அழ வேண்டியதில்லை. அதற்கு முன்னால் கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் கேஸ்கட்டைப் பாருங்கள். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். பிடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் உட்காரவில்லை. கோணியிருந்தால் வெந்நீரில் நனைத்த துணியை வைத்துச் சூடாக்கி நீவிவிட்டாலே பல நேரம் சரியாகும்.

தூத்துக்குடி_மெக்கானிக்
கேஸ்கட் விஷயத்தில் சண்டையில்லை. ஆனால் புரொபசர் பால் ஃப்ரிட்ஜுக்குத்தான் கணக்குப் போட்டார். ஃப்ரீசருக்கும் போடச் சொல்லுங்கள்.

பேராசிரியர்_ஓய்வு
நியாயமான கேள்வி. உள்ளே மைனஸ் 18 என்றால் அந்த நல்ல கண்ணாடியே 22-க்கு இறங்கிவிடும். பனிநிலை 25 இருக்கும் இடத்தில் ஹீட்டர் இல்லாமல் நிற்காது. மூன்றடுக்குக் கண்ணாடி போட்டாலும் அலுமினியச் சட்டம் வேர்க்கும்.

காசிமேடு_குளிர்அறை
மீன் வைக்கிற குளிர் அறையில் வேலை செய்கிறேன். எங்கள் ஃப்ரீசர் அறையில் கதவுச் சட்டத்து ஹீட்டர் ஒரு ராத்திரி அணைந்தால் போதும், காலையில் ரப்பர் சட்டத்தோடு ஐஸாக ஒட்டிக்கொண்டிருக்கும். பலமாக இழுத்தால் ரப்பர் கையோடு வரும். கில்லாடித்தனமாக யாராவது கடப்பாரை எடுப்பான், கதவின் தகடு நெளியும். ஃப்ரீசருக்கு ஹீட்டர் வேண்டுமா என்று விவாதிப்பதே தேவையில்லாத வேலை.

கோவை_மெயின்டனன்ஸ்
சரி, ஃப்ரீசரை விட்டுவிடுகிறேன். அதற்கும் 24 மணி நேரம் எதற்கு? ஈரப்பதத்தைப் பார்த்து ஹீட்டரைத் தானே போட்டு அணைக்கிற கன்ட்ரோலர் இருக்கிறது. காற்று காய்ந்த நேரத்தில் அது ஓடவே ஓடாது.

தூத்துக்குடி_மெக்கானிக்
அந்தப் பெட்டியின் சென்சாரில் உப்புக்காற்று பட்டால் என்ன ஆகும் என்று எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள். ஒரு டைமர் போதும். மதியத்திலிருந்து கடை மூடும் வரை ஹீட்டர், மீதி நேரம் அளவோடு.

கோவை_மெயின்டனன்ஸ்
மழை நாளில் காலையிலேயே வேர்க்குமே, டைமருக்கு மழை தெரியுமா?

திருவான்மியூர்_மளிகை
புதுக் கண்ணாடிக்கு விலை கேட்டேன், இரண்டு கதவுக்கும் சேர்த்தால் இந்த மாதம் முடியாது. அதுவரை என்ன செய்வது? பக்கத்துக் கடைக்காரர் கண்ணாடியில் பாத்திரம் கழுவும் சோப்பைத் தேய்க்கச் சொல்கிறார்.

பேராசிரியர்_ஓய்வு
சோப்புப் படலம் துளிகளைப் பரத்திவிடும், மங்கல் தெரியாது. தண்ணீர் இறங்குவது நிற்காது, சாக்கு நனையத்தான் செய்யும். கதவைத் திறந்து மூடியதும் உள்முகத்தில் புகை மாதிரி படிகிற ஈரத்துக்கு வேண்டுமானால் அது உதவும். அதைவிட ஒரு சின்ன ஃபேனைக் கண்ணாடியைப் பார்த்து ஓடவிடுங்கள். அறைக்காற்று உரச உரசக் கண்ணாடியின் வெளிமுகம் ஓரிரு டிகிரி ஏறும். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஈரம் தெரிந்தால் மட்டும் எதையும் முயல வேண்டாம். ஓரத்து சீல் போய்விட்டது, அந்தக் கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும்.

தூத்துக்குடி_மெக்கானிக்
பால் ஃப்ரிட்ஜ் 2 டிகிரியில் ஓடுகிறதா என்றும் பாருங்கள் அண்ணாச்சி. 4 போதும். ஃப்ரீசர் ஹீட்டரை நாளைக்கே ஒரு ஆளை வைத்து மீட்டரில் சோதியுங்கள், ஈரக் கையோடு நீங்களே சட்டத்தைக் கழற்ற வேண்டாம்.

திருவான்மியூர்_மளிகை
பால் ஃப்ரிட்ஜ் 1-இல் ஓடிக்கொண்டிருந்தது! 4-க்கு ஏற்றிவிட்டேன். டேபிள் ஃபேன் ஒன்று சும்மா கிடக்கிறது, அதையும் வைத்துப் பார்க்கிறேன். ஃப்ரீசருக்கு வியாழக்கிழமை ஆள் வருகிறார். டைமரா கன்ட்ரோலரா என்று அதற்குள் நீங்கள் இருவரும் ஒரு முடிவுக்கு வாருங்கள்.

கோவை_மெயின்டனன்ஸ்
கன்ட்ரோலர்.

தூத்துக்குடி_மெக்கானிக்
டைமர்.