வேலூர்ல ட்ரீம்காஸ்ட் விஎம்யூவுக்கு சால்டரிங் பண்ணத் தெரிஞ்சவங்க இருக்காங்களா?

வணக்கம். என்கிட்ட இருக்கிற சேகா ட்ரீம்காஸ்ட் (பழைய கேம் கன்சோல்) விஎம்யூ, அதாவது கன்ட்ரோலர்ல செருகுற சின்னத் திரை வெச்ச மெமரி கார்டு, தனியா ஆன் ஆகல. கன்ட்ரோலர்ல செருகினா திரை வருது, சேவ் எல்லாம் பத்திரமா இருக்கு. உருவி எடுத்ததும் அணைஞ்சிடுது.

மூணு வாரம் முன்னாடி சத்துவாச்சாரி வீட்டுப் பரண்ல இருந்து இறக்கினேன். உள்ள இருந்த ரெண்டு சிஆர்2032 பட்டன் செல்லும் பழசு, செல்லைத் தொடுற ஒரு தகட்டுல பச்சைக் களிம்பு. லாங் பஜார்ல புது செல் வாங்கிப் போட்டேன், மீட்டர்ல ரெண்டும் 3 வோல்ட் காட்டுது. தகட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால துடைச்சேன். வேற கன்ட்ரோலர்லயும் பார்த்தாச்சு. கன்சோலை ஆன் பண்ணும்போது செல் தீர்ந்தா வருமே, அந்த நீளமான பீப் இன்னும் நிக்கல. அப்படின்னா செல்லோட கரண்ட் போர்டுக்கே போகல.

நேத்து டார்ச் அடிச்சுப் பார்த்தேன். அந்தத் தகடு போர்டுல ஒட்டுற இடத்துல மயிரிழை மாதிரி ஒரு விரிசல். பல்குச்சியால அழுத்தினா 48x32 புள்ளித் திரை ஒரு கணம் மின்னிட்டுப் போயிடுது.

ஃபிளாஷ் மெமரிதான், செல் இல்லாட்டியும் சேவ் அழியாது. ஆனா சூடு அதிகமாகி சிப்புக்கு எதாவது ஆயிடுமோன்னு பயம். சோனிக் அட்வெஞ்சர் கேம்ல நானும் தங்கச்சியும் வளர்த்த சாவோங்கிற செல்லப்பிராணி அதுக்குள்ளதான் இருக்கு. காப்பி எடுக்க வேற கார்டும் இல்ல. ரெண்டு மொபைல் கடையில திறக்கவே மாட்டேன்னுட்டாங்க.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இந்தத் தகட்டை மறுபடி சால்டர் வெச்சுத் தர்ற, பழைய கேம் போர்டுல கை பழகின ஆள் யாராவது தெரியுமா?