இஸ்தான்புல்லில் கைடு பின்னால் ஓடி எடுத்த படங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உங்கள் முறை.

2024 மே மாதம், இஸ்தான்புல்லில் ஒரு நாள் குழுச் சுற்றுலா. 22 பேர், ஒரு கைடு, ஆளுக்கொரு ஹெட்செட். கைடு அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கலாம். விரிக்காத மஞ்சள் குடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் நடந்தால் நாம் ஓடத்தான் வேண்டும். ஓர் இடத்தில் பத்து நிமிடம் பேச்சு, ஐந்து நிமிடம் படம். அந்த ஐந்து எனக்குப் போதாது என்று, பேசுகிற பத்தையும் சேர்த்தே படத்துக்கு எடுத்துக்கொண்டேன். குரல்தான் காதில் கேட்கிறதே, கை ஏன் சும்மா இருக்க வேண்டும் என்ற நினைப்பு.

முதல் இடம் சுல்தானாமெத் சதுக்கம். பழைய காலத்தில் தேர்ப் பந்தயம் ஓடிய ஹிப்போட்ரோம் அதுதான். நடுவில் எகிப்தியத் தூண் நிற்கிறது. எகிப்திய மன்னர் மூன்றாம் துத்மோஸ் கர்நாக் கோயிலில் நிறுத்திய ஒற்றைக்கல்; 390-இல் ரோமப் பேரரசர் தியோடோசியஸ் இங்கே நட்டார். சுற்றிலும் நாலைந்து குழுக்கள், செல்ஃபி குச்சிகள், சீருடையில் ஒரு பள்ளிக்கூடமே வந்திருந்தது. ஆள் தலை ஒன்றுகூட விழாமல் தூணை எடுத்தே தீருவது என்று எனக்கு ஒரு வைராக்கியம். மண்டியிட்டேன், போதவில்லை. கிட்டத்தட்டப் படுத்தே, தூணின் நுனியையும் வானத்தையும் மட்டும் பிரேமுக்குள் வாங்கினேன். மொத்தம் 41 படம், அறைக்குத் திரும்பி எண்ணினேன்.

இடையில் காதில் கரகரப்பு. பிறகு சத்தமே இல்லை. எழுந்து பார்த்தால் தூரத்தில் மஞ்சள் குடை. ஓடிப் போய்ச் சேர்ந்துகொண்டேன். இரண்டு நிமிடம் நல்லபிள்ளையாக நின்ற பிறகுதான் உறைத்தது, சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் ஸ்பானிஷ் பேசுகிறார்கள். குடை மஞ்சள்தான், ஆனால் வேறு குடை.

என் கைடு அம்மாவே திரும்பி வந்து கண்டுபிடித்தார். திட்டவில்லை. கையைக் காட்டித் தூணடிக்கே மறுபடி கூட்டிப் போனார். "நீங்கள் மேலே பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் நான் கீழே இருப்பதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்" என்றார்.

கீழே பீடம். ஒரு முகத்தில் பேரரசர் வெற்றி மாலையைக் கையில் பிடித்தபடி நிற்கிறார், அவருக்குக் கீழே பார்வையாளர் வரிசை, அதற்கும் கீழே விரலளவு ஆட்டக்காரிகளும் வாத்தியக்காரர்களும். அடிக்கல்லின் இன்னொரு பக்கத்தில் இதே தூணைத் தூக்கி நிறுத்திய வேலையையே செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆட்கள் கட்டையைப் பிடித்து உருளையைச் சுற்றுகிறார்கள், கயிறு இழுபடுகிறது. லத்தீன் கல்வெட்டு 30 நாளில் நிறுத்தியதாகச் சொல்கிறது, கிரேக்கக் கல்வெட்டு 32 என்கிறது. ஒரே பீடத்தில் இரண்டு கணக்கு! தூணுக்கும் பீடத்துக்கும் நடுவே நான்கு மூலையிலும் வெண்கலக் கட்டைகள்; அந்த நான்கின் மேல்தான் அத்தனை கனமும் உட்கார்ந்திருக்கிறது. என் 41 படத்தில் ஒன்றில்கூட இதில் எதுவும் இல்லை.

பக்கத்திலேயே பாம்புத் தூண். கி.மு. 479-இல் பாரசீகரை பிளாட்டியாவில் வென்றதற்காக கிரேக்கர்கள் டெல்பி கோயிலில் வைத்தது, ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் இங்கே கொண்டுவந்தார். தலைகள் போய்விட்டன, முறுக்கிய உடல் மட்டும் பச்சை பிடித்து நிற்கிறது. அது ஒரு குழிக்குள் நிற்பதால் மண் தோண்டி எடுத்தது என்று நினைத்தேன். இல்லையாம். குழியின் அடிதான் பழைய தரை, நாம் நிற்கிற தரைதான் இத்தனை நூற்றாண்டில் மேலேறியிருக்கிறது. வேலிக்கம்பிக்கு இடையில் லென்ஸை விட்டுக் கீழ்நோக்கி ஒரு படம் எடுத்தேன். அன்றைக்குக் காலையில் எடுத்ததில் உருப்படியானது அது ஒன்றுதான்.

————

நீங்களாவது வெளிச்சத்தில் தொலைந்தீர்கள் அண்ணா, நான் இருட்டில் மாட்டினேன். பசிலிக்கா நீர்த்தேக்கம், துருக்கியில் யெரெபத்தான். பேரரசர் ஜஸ்டினியன் காலத்து நிலத்தடித் தொட்டி, 336 தூண், தூண் ஒவ்வொன்றும் 9 மீட்டர். கீழே கணுக்காலளவு தண்ணீர், மேலே நடைபாதை. குழுவோடு இறங்கினால் நடைபாதையில் ஆள் முதுகுதான் தெரிகிறது.

டிரைபாடை வாசலிலேயே வேண்டாம் என்றுவிட்டார்கள். போனில் நைட் மோடு வைத்தேன். 2022-இல் புதுப்பித்துத் திறந்ததிலிருந்து உள்ளே விளக்குகள் நிறம் மாறிக்கொண்டே இருக்கின்றன. மூன்று விநாடி போன் அசையாமல் இருந்தால் அதற்குள் பச்சை போய்ச் சிவப்பு வந்துவிடுகிறது, படத்தில் தூணெல்லாம் சேற்று நிறம். நாலைந்து தடவை கெடுத்த பிறகுதான் புரிந்தது. நைட் மோடை அணைத்துவிட்டு, போனைக் கைப்பிடிக் கம்பியில் அழுத்தி வைத்து, நிறம் மாறி ஒரு நொடி நிலைக்கும்போது தட்ட வேண்டும். புள்ளி புள்ளியாக வந்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று. தலைகீழாக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக, கிரேக்கக் கதையில் வரும் பாம்புமுடிப் பெண் மெதூசாவின் கல் தலைகள் இரண்டு, கடைசி மூலையில் இருக்கின்றன. எல்லாக் குழுவும் நேராக அங்கேதான் போகும், அங்கே முண்டியடிப்பதில் அர்த்தமில்லை. நான் எங்கள் கைடிடம் சொல்லிவிட்டு, போகும்போதே படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டேன். எல்லாரும் மூலைக்குப் போனதும் நடைபாதையின் முன்பாதி காலியாகிவிட்டது. கூரையிலிருந்து சொட்டு விழாத நேரத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகி, தூண் மேலேயும் கீழேயுமாக இரட்டையாகத் தெரிந்தது. மெதூசாவைப் பார்க்கவே இல்லை, வீட்டில் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

————

படம் எடுக்கிறவர்களைக் குறிவைத்தே ஒருவர் வருவார், அதையும் இங்கே எழுதிவைக்கலாம் சார். கலாட்டா பாலத்தில் தூண்டில்காரர்கள் வரிசையாக நிற்பதை எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் போன ஷூ பாலிஷ்காரர் பிரஷைக் கீழே போட்டுவிட்டுப் போனார். பாவமே என்று கூப்பிட்டு எடுத்துக் கொடுத்தேன். நன்றி நன்றி என்று என் ஷூவைத் துடைக்க உட்கார்ந்துவிட்டார், முடித்ததும் காசு கேட்டார். நான் போட்டிருந்தது துணி ஷூ! பிரஷ் தவறி விழவில்லை, விழ வைத்தது என்று எங்கள் கைடு பிறகு சிரித்தார். கொஞ்சம் கொடுத்துவிட்டு, அந்தப் பெட்டியோடு ஒரு படம் எடுக்கலாமா என்று சைகையில் கேட்டேன். தாராளமாக என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார். அந்தப் பயணத்தில் ஒரு ஆளிடம் கேட்டு எடுத்த படம் அது மட்டும்தான். தூண்டில்காரர்களிடம் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

————

ஹாகியா சோபியா, அதுதான் தேவாலயமாக இருந்து இப்போது மசூதியாக இருக்கிறதே, அங்கே என்ன செய்தீர்கள்? அடுத்த மாதம் போகிறோம், அம்மாவும் வருகிறார்கள். உள்ளே எல்லா இடத்திலும் படமெடுக்க விடுவார்களா?

————

தங்கச்சி, முதலில் தொலைந்துபோன அதே அண்ணன்தான். நான் போனபோது நிலவரம் இது. 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுப் பயணிகளுக்கு மேல்மாடம் மட்டும்தான், சீட்டு 25 யூரோ. கீழ்த்தளம் தொழுகைக்கு. மேலே ஏற வேண்டும் என்பதால் அம்மாவுக்கு முழங்கால் எப்படி என்று யோசித்துக்கொள்ளுங்கள். தலைக்குத் துணி கொண்டுபோங்கள். வெள்ளி மதியம் வேண்டாம். பிளாஷ் போடாதீர்கள், கீழே தொழுகிறவர்கள் முகத்துக்குப் போனைக் கொண்டுபோகாதீர்கள், அவ்வளவுதான்.

மேல்மாடத்தின் தெற்குப் பக்கத்தில் தெய்சிஸ் மொசைக் இருக்கிறது. நடுவில் கிறிஸ்து, ஒருபுறம் மரியாள், மறுபுறம் திருமுழுக்கு யோவான். கீழ்ப்பாதி உதிர்ந்துவிட்டது, முகங்கள் மட்டும் தப்பியிருக்கின்றன. நேர் எதிரே நின்று எடுத்தால் பொன் சில்லுகள் எல்லாம் ஒரே மினுக்கமாகி முகம் தெரியாது. இரண்டடி பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள், ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்து கன்னத்துச் சில்லு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். அங்கே கூட்டம் இருக்கத்தான் இருக்கும். காலையில் பட்ட சூட்டில் நான் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு கைடு பேசுவதை முழுக்கக் கேட்டேன்.

கேட்டதால்தான் திரும்பிப் பார்த்தேன். மொசைக்குக்கு எதிர்ப்பக்கம் தரையில் ஒரு கல், "ஹென்ரிகஸ் டண்டோலோ" என்று வெட்டியிருக்கிறது. 1204-இல் இந்த நகரத்தைச் சூறையாடிய சிலுவைப்படையின் தலைவர்களில் ஒருவரான வெனிஸ்காரர், அடுத்த வருடம் இங்கேயே இறந்து இந்தக் கோயிலிலேயே புதைக்கப்பட்டார். இப்போதிருக்கும் கல் 19-ஆம் நூற்றாண்டில் வைத்தது. நகரத்தை முன்பு ஆண்ட பைசாந்தியர்கள் அந்தப் படைக்காரர்களை 1261-இல் விரட்டிய பிறகு வைத்த மொசைக்தான் தெய்சிஸ் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். துரத்தப்பட்டவர்களின் தலைவர் தரையில், திரும்பி வந்தவர்கள் வைத்தது எதிர்ச்சுவரில்.

எங்கள் குழு மொத்தமும் கல்லுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரை எடுத்துக்கொண்டிருந்தது. நான் குனிந்து, எழுத்தையும் பின்னால் இருந்த நாற்பது குதிகால்களையும் சேர்த்து ஒரே படமாக எடுத்தேன். கைடு அம்மா மஞ்சள் குடையால் என் தோளைத் தட்டினார், கிளம்புகிற நேரமாம்.