மறு: சப்ரொகேஷன் – ‘இடமேற்பு’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். ஒருவர் கட்ட வேண்டியதை இன்னொருவர் கட்டிவிட்டால், பணம் பெற்றவருக்கு இருந்த உரிமை கட்டியவருக்கு வந்துவிடுவதுதான் சப்ரொகேஷன். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ‘உரிமை மாற்றம்’ போதுமே, எல்லோருக்கும் புரியுமே?

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். உரிமை மாற்றம் என்றால் ஒருவர் எழுதிக்கொடுத்து இன்னொருவர் வாங்கிக்கொள்வது. சட்டத்தில் அதற்கு அசைன்மென்ட் என்று தனிப்பெயரே உண்டு. சப்ரொகேஷனில் யாரும் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை. பணத்தைக் கட்டியதும் சட்டமே உரிமையைக் கொடுத்துவிடுகிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 140-ஆம் பிரிவைப் பாருங்கள். ஜாமீன் போட்டவர் தன் பொறுப்பில் வரும் தொகை முழுவதையும் கட்டிவிட்டால், கடன்காரர் (அதாவது கடன் வாங்கியவர்) மேல் கடன் கொடுத்தவருக்கு இருந்த உரிமை அத்தனையும் இவருக்கு வந்துவிடும்.

நீதிமன்றத்துக்குப் போனால் இந்த வேறுபாடுதான் வழக்கின் உயிர். 2010-ல் சரண் ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு இதை விரிவாகப் பேசியது. லாரியில் போன நூல் சரக்கு விபத்தில் சேதமானது. காப்பீட்டு நிறுவனம் மில்லுக்குப் பணம் கொடுத்துவிட்டு லாரி நிறுவனத்தின் மேல் பாய்ந்தது. வெறும் சப்ரொகேஷன் என்றால் மில்லின் பெயரில்தான் வழக்குப் போடலாம். அசைன்மென்டும் சேர்ந்திருந்தால் காப்பீட்டு நிறுவனம் தன் பெயரிலேயே போடலாம் என்றது தீர்ப்பு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் இந்தத் தீர்ப்பைத் தமிழில் எழுதவே முடியாது.

> ‘பதிலீட்டுரிமை’ எப்படி?

பொருளியலில் இறக்குமதிப் பதிலீடு என்று ஏற்கெனவே புழங்குகிறது. ஒரு பொருளுக்குப் பதில் இன்னொன்று என்ற எண்ணமே முதலில் வரும். போதாக்குறைக்குக் காப்பீட்டுக் கடிதத்தில் ‘இழப்பீடு’ பக்கத்திலேயே இதுவும் வந்தால் குழப்பம்தான்.

என் பரிந்துரை ‘இடமேற்பு’. பதவியேற்பு, பொறுப்பேற்பு என்று தினமும் செய்தித்தாளில் படிக்கிறோம், அதே வார்ப்பு. வினையாகவும் இயல்பாக வரும்: ‘ஜாமீன்தாரர் வங்கியின் இடத்தை ஏற்கிறார்’.

‘ஈட்டுறுதி’ (இண்டெம்னிட்டி) என்ற சொல்லே போதும் என்ற கருத்தையும் பார்த்தேன். அது 145-ஆம் பிரிவு. கட்டிய பணத்தைக் கடன்காரரிடம் திரும்பக் கேட்கும் உரிமை மட்டும்தான் அதில் உண்டு. ஆளிடம் காசே இல்லையென்றால் கேட்டு என்ன பயன்? வங்கியில் அவர் வைத்த அடமானம் யார் கைக்குப் போகிறது என்பதுதான் கேள்வி. 141-ஆம் பிரிவு அதை ஜாமீன்தாரர் பக்கம் திருப்புகிறது. ஜாமீன் போட்டபோது அப்படியொரு அடமானம் இருப்பதே அவருக்குத் தெரியாவிட்டாலும் சரி.

சட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. வீட்டுக்காரர் தன் குடித்தனக்காரருக்கு 2,000 ரூபாய் கடன் கொடுக்கிறார். ஒருவர் ஜாமீன் நிற்கிறார். மேசை நாற்காலிகளும் அடமானமாக இருக்கின்றன. அந்த அடமானத்தை வீட்டுக்காரர் ரத்து செய்துவிடுகிறார். குடித்தனக்காரர் திவாலானதும் ஜாமீன்தாரர் மேல் வழக்கு. அந்தச் சாமான்களின் மதிப்பு எவ்வளவோ அவ்வளவுக்கு ஜாமீன்தாரர் கட்ட வேண்டியதில்லை என்கிறது சட்டம்.

சொந்தக்காரருக்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சம்பளத்தில் பிடித்தம் போகிறதே என்று தவிப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 128-ஆம் பிரிவைச் சொல்லி, ‘கடன்காரருக்கு உள்ள பொறுப்பு உங்களுக்கும் உண்டு’ என்று நோட்டீஸ் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. 140-ஐயும் 141-ஐயும் அவரிடம் யாரும் சொல்வதில்லை. சொல்ல ஒரு தமிழ்ச் சொல்லாவது வேண்டாமா?

அவர் வங்கிக்கு எழுதக்கூடிய கடிதத்தில் வைத்துப் பார்த்தேன்:

‘மேற்படி கடனில் என் ஜாமீன் பொறுப்பு முழுவதையும் கட்டித் தீர்த்துவிட்டேன். இடமேற்பு உரிமைப்படி, கடன்தாரர் அடமானமாக வைத்த ஆவணங்களை அவரிடம் திருப்பித் தராமல் என்னிடம் ஒப்படைக்கக் கோருகிறேன்.’

உறுத்தலாகத் தெரியவில்லை. உரிமை பெறுபவரை ‘இடமேற்பாளர்’ எனலாம். காப்பீட்டு நிறுவனங்கள் கையெழுத்து வாங்கும் தாளுக்கு ‘இடமேற்புக் கடிதம்’ சரியா, ‘இடமேற்பு ஆவணம்’ சரியா? சரக்குக் காப்பீட்டில் வேலை செய்பவர்கள் சொன்னால் நல்லது.

அன்புடன்