சோற்றுப் பார்சலுக்குப் பக்கத்தில் விழுந்த ஃபைல்

உப்புவெளிப் பிள்ளை:
வேலையிடத்தில் கூட வேலை செய்பவர்கள் மரியாதையில்லாமல் நடப்பதைப் பற்றிக் கதைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒரு மத்தியானம்தான் வரும். திருகோணமலையில், நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் கணக்குப் பகுதி. சீசன் நேரம், அறையெல்லாம் ஃபுல், இரண்டரைக்குத்தான் பார்சலை அவிழ்த்தேன். எங்கள் சீனியர் வந்து, ஒரு சொல்லும் சொல்லாமல், ஃபைலை உயரத்திலிருந்து மேசையில் போட்டார். மீன்குழம்பு தெறித்து ஃபைலின் ஓரத்திலும் என் சட்டையிலும் பட்டது. அதற்கும் எனக்குத்தான் ஏச்சு, "ஒபிஸ் சாமானில கறி பூசுறியா?" என்று. பக்கத்தில் நாலு பேர். ஒருவரும் தலை நிமிரவில்லை. நான் ரிஷுவால் ஃபைலைத்தான் முதலில் துடைத்தேன், சட்டையை இல்லை. அதுதான் இன்றைக்கும் நெஞ்சை அறுக்கிறது. அதற்குப் பிறகு மூன்று வருஷம் அந்த மேசையில் நான் சாப்பிடவேயில்லை.

வாட்டு நம்பர் இல்லை:
தங்கச்சி, அந்த நாலு பேரைப் பற்றி எழுதினீர்களே, அதுதான் எனக்கும். நான் தாதி. ஒரு பிள்ளைக்கு ஊசி மருந்து அளக்கும்போது சீனியர் மிஸ் தாயின் முன்னால் "இதையெல்லாம் எங்க படிச்சனீ?" என்றார். நான் அளந்தது சரி. ஆனால் அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தா. அதற்குப் பிறகு சந்தேகம் வந்தாலும் அந்த மிஸ்ஸிடம் கேட்கப் பயம், தூரத்து வாட்டில் இருக்கிற சிநேகிதியிடம் போனில் கேட்பேன். இஸ்ரேலில் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் வேலை செய்கிற 24 குழுக்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2015இல் வந்தது. பயிற்சியின்போது வெளியாள் ஒருவர் கொஞ்சம் மட்டமாகக் கதைத்தாலே போதும், அந்தக் குழு நோயைக் கண்டுபிடிப்பதிலும் கைவேலையிலும் பின்தங்கியது, ஒருவரிடம் ஒருவர் உதவி கேட்பதும் குறைந்தது. வாசித்தபோது அழுதுவிட்டேன். அந்த நேரம் நான் மருந்தைப் பிழையாக அளந்திருந்தால்?

பழைய துறைமுகத்தான்:
இரண்டு பேரிடமும் ஒன்று சொல்லவேணும். கண்டிப்பு வேறு, அவமதிப்பு வேறு. நானும் சீனக்குடாப் பக்கம் ஃபோர்மனிடம் தொப்பியால் அடி வாங்கித்தான் வேலை பழகினேன், 22 வயதில். அது கிடக்கட்டும். பிள்ளைகளே, கோபத்தில் வேலையை விட்டுவிடாதீர்கள். இலங்கையின் 1983ஆம் ஆண்டு பணிக்கொடைச் சட்டப்படி 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடத்தில் 5 வருஷம் முடித்தால்தான் வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம் கிடைக்கும். நாலே முக்கால் வருஷத்தில் கோபித்துக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். ஈ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் ஒழுங்காகப் போகிறதா என்று பாருங்கள். ஒரு டயரி வையுங்கள். திகதி, நேரம், சொன்ன சொல், யார் நின்றார்கள் எல்லாம் எழுதுங்கள். ஒரு கடிதம் கொடுத்துப் பிரதியை வீட்டில் வையுங்கள். அப்புறம் தொழில் திணைக்களத்துக்குப் போங்கள். ஆனால் முதலில் அந்த ஆளிடம் தனியாக, தேத்தண்ணி நேரத்தில், கதைத்துப் பாருங்கள். பாதிப் பேருக்குத் தாங்கள் என்ன செய்தோம் என்றே தெரியாது.

மூதூர்ப் பெடியன்:
ஐயா, மரியாதையோடுதான் கேட்கிறேன், டயரியில் நான் என்ன எழுதுவது? "இன்று சிரித்தார்கள்" என்றா? கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தாகிவிட்டது, "பாதை" என்கிற மிதவையில் ஏறிக் கடக்கத் தேவையில்லை, ஆனால் டவுணில் என் கந்தோரில் நான் கதவால் நுழைந்தால் இன்னும் "பாதை வந்திட்டுது, வழிவிடுங்கோ" என்பார்கள். பாதையில் ஏறி நான் போனது சின்ன வயதில், உம்மாவின் மடியில். ஒருநாள் நான் போனில் ஒரு வாடிக்கையாளரோடு கதைத்துக்கொண்டிருக்கும்போதே மூன்று பேர் பின்னால் நின்று என் பேச்சை அப்படியே செய்துகாட்டினார்கள், மற்றப் பக்கம் இருந்தவருக்கும் கேட்டிருக்கும், அவர் "என்ன சத்தம் தம்பி?" என்றார். இப்போது போன் அடித்தால் என் கை போகாது. அடுத்த மேசை அண்ணன் எடுக்கட்டும் என்று காத்திருப்பேன், "வேலையில் ஆர்வமில்லை" என்று ரிப்போர்ட்டும் எழுதிவிட்டார்கள். தனியாகவும் கதைத்தேன் ஐயா. "பகிடியும் விளங்காதா?" என்றார்கள். தொப்பியால் அடித்தது கண்டிப்பு என்கிறீர்கள். 22 வயதில் அன்றைக்கு இரவு உங்களுக்கு எப்படி இருந்தது, அதை எழுதவில்லையே.

பழைய துறைமுகத்தான்:
நித்திரை வரவில்லை தம்பி. அம்மாவிடம் வெயிலில் கன்னம் எரிந்தது என்று சொன்னேன்.

உப்புவெளிப் பிள்ளை:
ஐயா, நான் வேலையை விடவில்லை, 5 வருஷமும் தாண்டிவிட்டது. போன கிழமை புதிதாக வந்த பிள்ளை ஒன்று சோற்றுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு பின்படிக்கட்டுக்குப் போனாள். ஏன் என்று கேட்கவில்லை. என்னுடையதையும் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருந்தேன்.