சுற்றுப்பாதையில் தடம் எங்கே தப்புகிறது? – அனுபவப் பகிர்வு

சருகுப்பாதை:
காட்டுச் சுற்றுப்பாதையில் தடம் தப்பியவர்களைச் சந்தித்த அனுபவத்தைக் கேட்டிருக்கிறீர்கள். கிளம்பிய இடத்துக்கே சுற்றி வந்து சேரும் நீளமான பாதை எப்படி இருக்கும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். இன்னும் உறுத்திக்கொண்டிருப்பது, பாதைக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்த ஒரு பெரிய மரமும் அதைத் தாண்டித் தப்பான தடத்தில் நின்றுகொண்டு "இதுதான் பாதை" என்று அடித்துச் சொன்ன இரண்டு பேரும். இருவருமே நடந்து பழகியவர்கள். கையில் வரைபடமும் இருந்தது.

தண்டு இடுப்பு உயரம் இருந்தால் யாரும் ஏறிக் குதிப்பதில்லை. வேர்ப்பக்கமோ கிளைப்பக்கமோ சுற்றித்தான் போவார்கள். கிளைப்பக்கம் போனால் பாதையை விட்டுப் பத்துப் பதினைந்து மீட்டர் விலக வேண்டிவரும். முள்ளுக்கும் கிளைக்கும் குனிந்து குனிந்து போகும்போது உடம்பு எந்தத் திசைக்குத் திரும்பியிருக்கிறது என்பது தெரியாது. அந்தப் பக்கம் போய் நிமிர்ந்ததும் கண்ணில் படுகிற முதல் இடைவெளி பாதை மாதிரியே இருக்கும். பெரும்பாலும் அது விலங்குத் தடம்.

சுற்றுவதற்கு முன்னால் தண்டுக்கு மேலாக எட்டிப் பாருங்கள். அந்தப் பக்கம் பாதை எந்த இரண்டு மரங்களுக்கு நடுவே போகிறது, வழிகாட்ட மரங்களில் அடித்திருக்கும் பெயின்ட் குறி அடுத்து எதில் இருக்கிறது என்று மனதில் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் இந்தப் பக்கமே நின்று குரல் கொடுக்கட்டும். சுற்றி முடித்ததும் முன்னால் நடக்காமல், தண்டை ஒட்டியே திரும்பி வந்து, பாதை மரத்துக்கு அடியிலிருந்து வெளியே வரும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து கிளம்புங்கள். இதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

விலங்குத் தடத்தை அடையாளம் காண ஒரே பார்வை போதும். முழங்கால் உயரத்தில் வழி சுத்தமாக இருக்கும், மார்பு உயரத்தில் கிளை வந்து முகத்தில் அடிக்கும். ஆட்கள் பராமரிக்கிற பாதையில் ஓரமாக எங்காவது ரம்பத்தால் அறுத்த கிளை தெரியும், வட்டமாக, தட்டையாக, வெளிறிப்போய். ஒடிந்த கிளைக்கு அந்தத் தட்டை வராது, நார் நாராகத்தான் இருக்கும். ஐந்து நிமிஷம் நடந்தும் பெயின்ட் குறியும் இல்லை, அறுத்த கிளையும் இல்லை என்றால் கடைசியாகப் பார்த்த குறிக்கே திரும்பிவிட வேண்டும்.

கவட்டைவழி:
மரம் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் ஐந்து நிமிஷம் ரொம்ப அதிகம். மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் ஐந்து நிமிஷம் என்றால் 330 மீட்டர். அடர்ந்த காட்டில் 330 மீட்டர் உள்ளே போய்விட்டுத் திரும்பும்போது, வந்த தடமே எதிர்ப்பக்கத்திலிருந்து வேறு மாதிரி தெரியும். வலது கால் தரையில் படும்போது மட்டும் எண்ணுங்கள். நூறு எண்ணினால் கிட்டத்தட்ட 150 மீட்டர். அதற்குள் குறி வரவில்லையென்றால் நிற்க வேண்டும்.

இன்னொன்று, எல்லா வனக் காப்பகத்திலும் வழி நெடுக குறி இருக்காது. சில இடங்களில் பிரிவுகளில் மட்டும் எண் போட்ட கம்பம் நட்டிருப்பார்கள். அங்கே போய் மரத்துக்கு மரம் குறி தேடினால் வீணாகப் பயம்தான் வரும். எந்த முறை என்று நுழைவாயில் பலகையிலேயே எழுதியிருக்கும், அதை ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

மனதில் நிற்கிற சந்திப்பு ஒரு கவட்டைப் பிரிவில். ஒரு குடும்பம் சுற்றுப்பாதையை எதிர்த்திசையில் நடந்து வந்து, "அரைமணி நேரமாகக் குறியே காணோம்" என்று நின்றார்கள். குறி இருந்தது. அவர்கள் தாண்டி வந்த ஒவ்வொரு மரத்தின் பின்பக்கமும் இருந்தது. பெயின்ட் அடித்தவர்கள் ஒரு திசையில் நடப்பவர்களுக்கு மட்டும் அடித்திருக்கிறார்கள். எதிர்த்திசையில் நடப்பதென்றால் அவ்வப்போது நின்று திரும்பிப் பார்த்தே ஆக வேண்டும். பிரிவுகளில் இது இன்னும் முக்கியம். வரைபடத்தில் ஒற்றைக் கோடாகத் தெரிகிற சுற்று, தரையில் இரண்டு மூன்று குறுக்குவழிகளோடு பின்னியிருக்கும். குறுக்குவழிக்கும் அதே நிறமே அடித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. பல இடங்களில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு குறி இருந்தால் திருப்பம் வருகிறது என்று அர்த்தம். மேலே உள்ள குறி எந்தப் பக்கம் விலகியிருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். இரட்டைக் குறியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்குங்கள். குழுவாகப் போகிறவர்கள் தவறுவதெல்லாம் பேசிக்கொண்டே போய் அந்தத் திருப்பத்தைத் தாண்டும்போதுதான்.

மலைக்கணக்கு:
நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. பாதி தூரத்துக்கு மேல் வந்துவிட்ட ஒரு கூட்டம், "இனிமேல் திரும்பினால்தான் தூரம், முன்னாலேயே போவோம்" என்று கிளம்பி, இருட்டினபிறகு இறக்கத்தில் தட்டுத் தடுமாறி வந்தது. சுற்றுப்பாதையில் இந்த வாதம் யார் வாயிலும் வரும். பாதி தூரமும் பாதி நேரமும் ஒன்று என்று நினைப்பதுதான் பிரச்சினை.

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றைக்கும் போதும். 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு நிமிஷம். 18 கி.மீ. சுற்று என்று வையுங்கள். முதல் 9 கி.மீ. சமதளம், அடுத்த 4.5 கி.மீ.யில் 600 மீட்டர் ஏற்றம், கடைசி 4.5 கி.மீ. இறக்கம். முதல் பாதிக்கு 1 மணி 48 நிமிஷம், இரண்டாம் பாதிக்கு 2 மணி 48 நிமிஷம். ஒன்பதாவது கிலோமீட்டரில் நிற்கிறவர் பாதி தூரத்தை முடித்துவிட்டார், ஆனால் நேரத்தில் பாதியை இன்னும் தொடவில்லை. அங்கிருந்து திரும்பினால் முன்னால் போவதைவிட ஒரு மணி நேரம் மிச்சம். 10.5 கி.மீ. வரைக்கும்கூடத் திரும்பி வருவதுதான் சீக்கிரம். அதற்கப்புறம்தான் "முன்னாலேயே போவோம்" என்பது உண்மையாகிறது.

அதனால் கிளம்பும் முன்பே வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கிற சமஉயரக் கோடுகளைப் பார்த்து ஏற்றம் எந்தப் பாதியில் விழுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். முடிந்தால் ஏற்றம் முதல் பாதியில் வருகிற திசையில் சுற்றுங்கள். கவட்டைவழி சொன்ன குறித் தொல்லை அந்தத் திசையில் இருந்தாலும் ஏற்றத்துக்கே முதலிடம் கொடுப்பேன். வேரும் கல்லும் நிறைந்த பாதையில் 5 கி.மீ. வேகம் வராது, 3 அல்லது 3.5 என்று போட்டுக்கொள்ளுங்கள். இருட்டுவதற்கு சூரியன் மறையும் நேரத்தை நம்பாதீர்கள். மரக்கூரைக்கு அடியில், அதுவும் பள்ளத்தாக்கில், வேர் எது நிழல் எது என்று பிரியாத இருட்டு அதற்கு வெகு முன்பே வந்துவிடும்.

வெளிச்சம்:
போன் செத்துப்போய் ஒருவர் பாதையோர மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பாதி தூரம்கூட வரவில்லை, பேட்டரி காலி. சார்ஜ் முழுதாக வைத்துத்தான் கிளம்பியிருக்கிறார். அவ்வளவுதான் சம்பவம், ஆனால் இதற்குக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

சிக்னல் இல்லாத காட்டில் போன் ஓயாமல் டவர் தேடிக்கொண்டே இருக்கும், பேட்டரியைத் தின்பது அதுதான். ஏர்பிளேன் மோடில் போடுங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து சிக்னலை வாங்க மட்டும்தான் செய்கிறது, அதற்கு டவர் தேவையில்லை. பெரும்பாலான போன்களில் ஏர்பிளேன் மோடிலும் அது வேலை செய்யும். அதை வீட்டிலேயே ஒருமுறை சோதித்துப் பாருங்கள். மேப்பை முன்கூட்டியே இறக்கி வையுங்கள், இறக்கியபின் இன்டர்நெட்டை அணைத்துவிட்டு உள்ளே பெரிதாக்கிப் பாருங்கள். பெரிதாக்கும்போது வெறும் சாம்பல் கட்டமாக வந்தால் மேப் முழுதாக இறங்கவில்லை. குளிர் பகுதியில் போனை வெளிப்பையில் வைக்காமல் உடம்பை ஒட்டி வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று விழும். பவர் பேங்க் எடுத்தால் கேபிளையும் எடுங்கள், மறந்துபோவது கேபிள்தான்.

அடர்ந்த மரங்களுக்கடியில் சிக்னல் இலையிலும் தண்டிலும் பாறையிலும் பட்டுச் சிதறி வரும். அதனால் திரையில் நீலப்புள்ளி பத்து இருபது மீட்டர் தள்ளிக் காட்டலாம். இரண்டு பாதைகள் கூர்கோணத்தில் பிரிகிற இடத்தில் நீங்கள் எதில் நிற்கிறீர்கள் என்று அந்தப் புள்ளியால் சொல்ல முடியாது. நாற்பது ஐம்பது மீட்டர் நடந்து, புள்ளி எந்தக் கோட்டை விட்டு விலகுகிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

"எனக்குத் திசை தெரியும்" என்பவர்களுக்கு ஒன்று. ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த யான் சவுமன் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களை ஒரு பெரிய சமதளக் காட்டில் நேராக நடக்கச் சொல்லி ஜிபிஎஸ்ஸில் பதிவு செய்தார்கள். வெயில் தெரிந்தபோது ஏறக்குறைய நேராகப் போனார்கள். மேகமூட்டத்தில் நடந்தவர்கள் தங்களுக்கே தெரியாமல் வட்டமடித்து, தாங்கள் கடந்த தடத்தையே மறுபடி கடந்தார்கள். பாதையை விட்டு விலகி "நேராக வெட்டிப் போய்ச் சுற்றின் அடுத்த பக்கத்தைப் பிடிப்போம்" என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள்.

தலையில் மாட்டும் டார்ச் ஒன்று, பகல் நடைக்கும் வேண்டும். போன் டார்ச்சை நம்பினால் மேப்பும் வெளிச்சமும் ஒரே பேட்டரியில் சாகும். விசில் ஒன்று. உதவி வேண்டுமென்றால் மூன்று முறை ஊதி, ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடி மூன்று. குரல் கம்மிப்போகும், விசில் கம்மாது.

ஈரமண்:
சருகுப்பாதை சொன்ன மரம் சுற்றுகிற யோசனையில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஒவ்வொருவரும் தன் வசதிக்கு ஒரு பக்கம் சுற்றினால் ஒரே பருவத்தில் அங்கே மூன்று புதுத் தடம் உண்டாகிவிடும். அடுத்து வருகிறவர்களைக் குழப்புவது அந்தத் தடங்கள்தான். ஏற்கெனவே மிதிபட்ட சுற்று இருந்தால் அதிலேயே போங்கள். ஏறிக் கடக்க முடிந்தால் ஏறியே கடக்கலாம். ஆனால் முதலில் தண்டு தரையில் முழுதாகப் படிந்திருக்கிறதா, வேறு மரத்தின் மேல் சாய்ந்து தொங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். தொங்குகிற மரத்துக்கு அடியில் நுழையவே கூடாது. வில் மாதிரி வளைந்து அழுத்தத்தில் இருக்கிற கிளையில் காலும் வைக்கக் கூடாது, விடுபட்டால் எலும்பை உடைக்கும். திரும்பி வந்ததும் எந்தக் கம்பத்துக்கும் எந்தக் கம்பத்துக்கும் நடுவில் மரம் கிடக்கிறது என்று காப்பக அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள்.

சேறும் இதே கதைதான். பார்த்த காட்சி, ஒரு மீட்டர் அகலப் பாதை சேற்றைச் சுற்றிச் சுற்றி நடந்தே ஐந்து மீட்டருக்கு விரிந்து, ஓரத்துச் செடியெல்லாம் அழிந்து கிடந்தது. சேற்றின் நடுவிலேயே நடங்கள், காலணி நனையட்டும். ஓரத்துப் புல்லில் இறங்குவது உங்களுக்கும் நல்லதில்லை. உண்ணி புல் நுனியில் முன்னங்காலை விரித்துக்கொண்டு காத்திருக்கும், உரசினால் ஒட்டிக்கொள்ளும். அது பறந்தும் வராது, குதித்தும் வராது.

உண்ணி கடித்திருந்தால் தீக்குச்சியும் எண்ணெயும் வேண்டாம். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டி, தலைப்பக்கம் பிடித்து, முறுக்காமல் ஒரே சீராக மேல்நோக்கி இழுங்கள். சோப்பு போட்டுக் கழுவுங்கள். முழங்கால் மடிப்பு, தொடையிடுக்கு, அக்குள், காதுக்குப் பின்னால், முடியோரம், இங்கெல்லாம் அன்றைக்கே தேடுங்கள். அடுத்த சில வாரத்தில் காய்ச்சலோ தடிப்போ வந்தால் உண்ணி கடித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சருகுப்பாதை:
ஈரமண், மிதிபட்ட சுற்றிலேயே போக வேண்டும் என்பதை ஏற்கிறேன். கவட்டைவழி சொன்ன நூறு கணக்கும் ஐந்து நிமிஷத்தைவிட நல்லது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இறக்கத்தில் நடை நீளும், ஏற்றத்தில் குறுகும். அதே நூறு எண்ணிக்கை செங்குத்து ஏற்றத்தில் நூறு மீட்டர்கூட வராது. ஏற்றத்தில் நூற்றைம்பது வரை எண்ணிவிட்டு நில்லுங்கள்.